மக்கீன் மாமாவின் றோஸ் வெளிச்சம்

முன் ஹோலில் இருந்த ரியூப் லைட்டை மக்கீன் மாமா கழற்றி எடுத்தபோது, அவர் ஏறி நின்ற கதிரையைக் கீழே இருந்து பிடித்துக்கொண்டிருந்தவள் கைருன்னிஸா. பிடிக்கச் சொன்னது உம்மா. கையை விட்டுவிட்டால் என்ன என்று அவளுக்கு ஒருமுறை தோன்றத்தான் செய்தது.

“இந்தச் சனியன் புடிச்ச லைட்டுக்குக் கீழ இவள இருத்தினா, பாசி புடிச்ச கிணத்துக்கட்டு மாதிரித்தான் தெரிவாள், ராத்தா” என்று மாமா மேலே நின்றபடி சொன்னார். அதை மெதுவாகக்கூடச் சொல்லவில்லை. கதிரையைப் பிடித்துக்கொண்டிருப்பவளைப் பற்றித்தான் கதைக்கிறோம் என்ற நினைப்பே அவருக்கு இல்லை.

உம்மா, சல்மா உம்மா, அதற்குத் தலையை ஆட்டினாள். பெற்ற வயிறு! தன் பிள்ளையைப் பாசி என்று சொல்கிறான் தம்பி, அவள் தலையாட்டுகிறாள்.

மக்கீன் மாமா சவூதியில் ஒரு பெரிய ஹோட்டலில் வேலை செய்துவிட்டு வந்தவர். என்ன வேலை என்று கேட்டால் “லைட்டிங்” என்பார். அங்கே எரியாத பல்புகளைக் கழற்றிப் புதியதைப் பூட்டுகிற வேலை என்பது கல்முனைக்குடியில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் அவர் சொல்வதைக் கேட்பார்கள். சவூதியிலிருந்து வந்தவன் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிற காலம் அது, எண்பத்திரண்டாம் ஆண்டு. மாமாவின் பேச்சைக் கேட்டு ஊரில் எத்தனையோ வீடுகளில் சுவரைக் குடைந்து வயர் இழுத்தார்கள். விறாந்தையில் பச்சை பல்ப், படுக்கை அறையில் சிவப்பு பல்ப், கண்ணாடி அலுமாரிக்குள் ஒரு குட்டி பல்ப். அந்த வீடுகளில் குசினியை எட்டிப் பார்த்தால் மட்டும் புகை படிந்த ஒரு பல்ப் அழுது வடிந்துகொண்டிருக்கும். குசினிக்கும் ஏதாவது செய்யுங்கள் என்று எந்தப் பெண்ணாவது கேட்டால், “அங்க ஆரு வந்து பாக்கப் போறாங்க?” என்று மாமா சிரிப்பார்.

இப்போது அந்தக் கலை கைருன்னிஸாவின் முகத்துக்கு வந்திருந்தது.

வியாழக்கிழமை அந்தி, மஃரிப் தொழுகைக்குப் பிறகு சாய்ந்தமருதிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளையின் தாய் ஹவ்வா உம்மாவும் இன்னும் இரண்டு பெண்களும். இதற்கு முன்னும் இரண்டு இடத்திலிருந்து வந்தார்கள். வட்டிலப்பத்தை வழித்துச் சாப்பிட்டுவிட்டுப் போய், “புள்ள நல்ல புள்ளதான், நிறம்தான் கொஞ்சம்…” என்று சொல்லி அனுப்பினார்கள். அந்தக் ‘கொஞ்சம்’ என்ற சொல்லை நினைத்தாலே கைருன்னிஸாவுக்கு வாய் கசக்கும்.

அந்த இரண்டு இடமும் தவறிப்போனது பற்றி அவளுக்கு ஒரு கவலையும் இருக்கவில்லை. இது அப்படியில்லை. இது மசூர்.

மசூர் கல்முனை பஸாரில் ஒரு நூல் கடையில் வேலைக்கு நின்றான். அவள் ஊருக்கு பிளவுஸ் தைத்துக் கொடுப்பவள். நூல் வாங்க உம்மாவோடு போவாள். ஒருநாள் கத்தரிப்பூ நிறச் சேலைத்துண்டு ஒன்றைக் கொண்டுபோனாள். மற்றக் கடைகளில் ஏதோ ஒரு நூலை எடுத்து நீட்டி, காசை வாங்கிப் போட்டுவிடுவார்கள். அவன் நான்கு நூற்கட்டைகளை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தான். “கடைக்குள்ள பாத்தா எல்லாம் ஒண்டு போலத்தான் இரிக்கும். வெளியில வெச்சிப் பாத்து நீங்களே எடுங்க” என்றான். அவள் எடுக்கும்வரை வெயிலில் நின்றான். அவ்வளவுதான் நடந்தது. அவளுக்கு அது போதுமாக இருந்தது. அந்த மனுசன் தன் தாயிடம் சொல்லி, தாய் ஆள் அனுப்பி, இப்போது வீட்டுக்கு வருகிறார்கள் என்றதும் அவள் சோறு தின்ன மறந்தாள். இந்தக் கலியாணம் நடக்க வேண்டும் என்று அவள் அல்லாஹ்விடம் வெட்கமில்லாமல் கேட்டாள்.

அந்த ஆசைக்குள்தான் மக்கீன் மாமா பல்பும் வயருமாக நுழைந்தார்.

“வெளிச்சம் எண்டா சும்மா எரியிறதில்ல, ராத்தா” என்று அவர் ஹோலின் நடுவில் இடுப்பில் கையூன்றி நின்று விளக்கினார். “மேல இருந்து விழுகிற வெளிச்சம் கண்ணுக்குழிய இருட்டாக்கும். மூக்குக்குக் கீழ மீசை மாதிரி நிழல் விழும். வெளிச்சம் பக்கவாட்டால வரணும். நேர முகத்துல அடிக்கவும் கூடாது, சுவருல பட்டுத் திரும்பி வரணும். ஒரு லைட் போதாது. பின்னால ஒண்டு, பக்கத்துல ஒண்டு, வாறவங்கட பக்கம் மங்கலா ஒண்டு. அவங்க இருட்டுல இருந்தாத்தான் இவள் பளிச்செண்டு தெரிவாள்.”

சொன்னதில் பிழை இல்லை, அதுதான் கோபம். அந்த அறிவை வைத்துக்கொண்டு ஒரு தையல் மெஷினுக்கு மேலே ஒழுங்கான வெளிச்சம் போட்டுக் கொடுத்திருந்தால் கைருன்னிஸா அவர் கையைப் பிடித்து முத்தமிட்டிருப்பாள். அந்த ரியூப் லைட்டின் கீழேதான் அவள் தைத்துக்கொண்டிருந்தாள். இப்போது அது சாக்கில் சுற்றி அலுமாரிக்கு மேலே கிடந்தது.

“மாமா, நான் எங்க இருந்து தைக்கிற?” என்று கேட்டாள்.

“பகல்ல தையன். வியாழக்கெழம முடியட்டும்” என்றார் மாமா. அவள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லவில்லை. முகத்தில் விழுந்த நிழலைப் பார்த்துச் சொன்னார்.

மேற்குச் சுவருக்கு றோஸ் நிறத்தில் டிஸ்டெம்பர் அடித்தார்கள். சவூதியிலிருந்து கொண்டுவந்த, பல்பை மூடுகிற றோஸ் கண்ணாடிச் சேட் ஒன்றை மாமா தன் வீட்டிலிருந்து எடுத்துவந்து மூலையில் பூட்டினார். வருகிறவர்கள் இருக்கப்போகும் பக்கத்துப் பல்புக்கு ஒரு பனங்கூடையைக் கவிழ்த்துக் கட்டினார். பிறகு ஒவ்வொரு நாளும் மஃரிப் தொழுகை முடிந்ததும் ஒத்திகை. கைருன்னிஸா கதிரையில் இருக்க வேண்டும். மாமா எதிரே நின்று ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். கிட்டே வந்து நாடியில் விரலை வைத்து இந்தப் பக்கம் திருப்புவார், அந்தப் பக்கம் திருப்புவார். சந்தையில் பாரைக் குட்டியின் செவுளைத் தூக்கிப் பார்ப்பவன்கூட ஒருதரம்தான் தூக்கிப் பார்ப்பான்.

“இப்ப எப்பிடி, ராத்தா?”

“கொஞ்சம் வெளுப்புத்தான். ஆனா கழுத்து காட்டிக் குடுக்குதே, தம்பி.”

“கழுத்தை முக்காட்டால மூடலாம். கைதான் பிரச்சின. தட்டை நீட்டக்குள்ள கை தெரியும்.”

“அப்ப தட்டைத் தங்கச்சி கொண்டு வரட்டுமே.”

சீ! கழுத்தும் கையும் முகமும் தனித்தனியாக விலை போகிற மாதிரி ஒரு கதை. தங்கச்சி, பதினாறு வயதுக்காரி, கதவு நிலையில் சாய்ந்து நின்று சிரித்தாள். அவளுக்கு இது ஒரு விளையாட்டு.

விறாந்தையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த வாப்பாவிடம் போய்ச் சொன்னாள். “வாப்பா, எனக்கு அருவருப்பா இரிக்கி. என்னைப் பாக்க வாறவங்க என்னைப் பாக்கட்டும். இது என்ன, களவெடுத்த சாமான மறைச்சி விக்கிற மாதிரி?”

வாப்பா அச்சிமுகம்மது பேப்பரை மடிக்கவுமில்லை. “உங்க உம்மாவும் மாமாவும் உன்ட நல்லதுக்குத்தானே செய்றாங்க, மகள்” என்றார். “இந்த ஊட்ட உனக்குத்தான் எழுதப்போறன். நற்பிட்டிமுன வயல் தங்கச்சிக்கு. அதுக்கு மேல என்னட்ட ஒண்டுமில்ல. நிறத்துக்கு எண்டு இன்னொண்டக் கேட்டா நான் எங்க போற?”

அவருடைய கவலை அவருக்கு. கைருன்னிஸா உள்ளே வந்துவிட்டாள். அவள் ஒன்றை மட்டும் தனக்குள் சொல்லிக்கொண்டாள்: மசூர் கிடைக்கட்டும். இந்தக் கூத்தை ஒரு வியாழக்கிழமை மட்டும் பொறுத்துக்கொள்கிறேன்.

வியாழக்கிழமை வந்தார்கள். ஹவ்வா உம்மா தடித்த உடம்பு, உரத்த குரல், ஒளிவுமறைவில்லாத மனுசி. வந்து கதிரை கிறீச்சிட இருந்தாள். கூட வந்த இரண்டு பெண்களும் இருந்தார்கள். அந்தப் பக்கம் அரை இருட்டு. கூடைக்குள்ளால் ஒழுகிய வெளிச்சத்தில் மூன்று பேரும் முக்காடு போட்ட மூன்று மூட்டைகள் மாதிரித் தெரிந்தார்கள். மேசையில் மஸ்கத் அல்வா, வட்டிலப்பம், வாழைப்பழம். தங்கச்சி தேத்தண்ணீர்த் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு ஓடினாள். வாப்பா விறாந்தைக் கதவடியில் நின்றார். மக்கீன் மாமா அறை வாசல் திரைக்குப் பின்னால் நின்றார். திரைக்குக் கீழே அவருடைய கால் தெரிந்தது.

கைருன்னிஸா வந்து சலாம் சொல்லி, சொல்லித்தந்த கதிரையில், சொல்லித்தந்த பக்கம் திரும்பி இருந்தாள். றோஸ் வெளிச்சம் கன்னத்தில் சூடாகப் பட்டது.

ஹவ்வா உம்மா பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு பக்கத்தில் இருந்தவளின் காதில் ஏதோ சொன்னாள். அவளும் பார்த்தாள். பிறகு ஹவ்வா உம்மா கேட்டாள்:

“மூத்த மகள் எங்க?”

“இதுதான் மூத்தவள்” என்று சல்மா உம்மா சிரித்தாள்.

“இது இல்லையே. நான் பாத்த புள்ள இது இல்ல.”

உம்மா மகளையும் ஹவ்வா உம்மாவையும் மாறிமாறிப் பார்த்தாள்.

“மறைச்சி என்ன, சொல்றன்” என்றாள் ஹவ்வா உம்மா. “மகன் சொன்ன உடனே, கடற்கரைப்பள்ளிக் கொடியேத்தத்துல உங்கட மகள நான் தேடிப் பாத்துட்டன். வளையல் கடையடியில, நல்ல உச்சி வெயில்ல. கறுத்த புள்ள. களையான முகம். எனக்கு வளையல் ஏறாம நிக்கக்குள்ள, அந்தப் புள்ளதான் கையப் புடிச்சி மெல்ல ஏத்தி உட்டிச்சி. எனக்கு மனசுக்குப் புடிச்சிப் போச்சி. அதுக்குப் பொறகுதான் ஆளனுப்பினன். இது ஆரு? வெள்ளப் புள்ள ஒண்டக் காட்டிப்போட்டு, கலியாணத்தண்டு வேற புள்ளயக் கட்டிவைக்கப் போறீங்களா? இல்ல, அவளக் காட்டாம இவளத் தள்ளி உடப் போறீங்களா? எனக்கு அந்தப் புள்ளதான் வேணும்!”

கைருன்னிஸாவுக்கு நெஞ்சு குதித்தது. வளையல் கடையடியில் வியர்த்து நின்ற தடித்த உம்மா! அவள்தானா மசூரின் தாய்! வெயிலில் பார்த்திருக்கிறாள். பார்த்துப் பிடித்துத்தான் வந்திருக்கிறாள். பவுடர் இல்லை, சேட் இல்லை, ஒன்றுமில்லை. அவளுக்குச் சத்தம் போட்டுச் சிரிக்க வேண்டும் போலிருந்தது.

“நான்தான் மாமி அது” என்றாள்.

“நீ இல்ல, புள்ள. எனக்குக் கண் அவிஞ்சா போச்சி?”

சல்மா உம்மா கைருன்னிஸாவின் தோளைப் பிடித்தாள். “அல்லாவே, சத்தியமா இவள்தான்” என்றாள். திரையை விலக்கிக்கொண்டு மாமா வெளியே வந்தார். “அது ஒண்டுமில்ல, லைட்டிங்தான். றோஸ் அடிச்சி வெளிச்சத்தச் சுவருல…” என்று தொடங்கினார். இவ்வளவு நாளும் உம்மாவிடம் அளந்ததை அங்கேயும் அளந்துவிட்டிருப்பார். ஹவ்வா உம்மா அவரைக் கவனிக்கவே இல்லை. போகிற வழி இருட்டு என்று கொண்டுவந்திருந்த டோச்சை மடியிலிருந்து எடுத்தாள். எழும்பி வந்தாள். கைருன்னிஸாவின் நாடியைப் பிடித்துத் தூக்கி, முகத்துக்கு நேரே டோச்சை அடித்தாள்.

கண் கூசியது. ஒரு கன்னம், மறு கன்னம், நெற்றி. முக்காட்டை விலக்கிக் கழுத்து. பிறகு கையைத் தூக்கி, புறங்கை. பக்கத்தில் இருந்த பெண்களும் எழும்பி வந்து குனிந்து பார்த்தார்கள். ஒருத்தியின் மூச்சில் வெற்றிலை நாற்றம் அடித்தது. கைருன்னிஸா பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். மசூர், மசூர் என்று நினைத்துக்கொண்டாள்.

“ஓம், இவள்தான்” என்றாள் ஹவ்வா உம்மா.

டோச்சை அணைத்தாள். சல்மா உம்மாவுக்குப் போன உயிர் வந்தது, “அல்ஹம்துலில்லாஹ்” என்றாள். ஹவ்வா உம்மா திரும்பப் போய் உடனே இருக்கவில்லை. நின்றபடி ஹோலைச் சுற்றிப் பார்த்தாள். றோஸ் சுவரைப் பார்த்தாள். றோஸ் சேட்டைப் பார்த்தாள். தலையை நிமிர்த்திக் கூடை கட்டிய பல்பைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கியது. முகம் மெல்ல மாறியது. கைருன்னிஸா அந்த மாற்றத்தைக் கண்ணால் கண்டாள்.

கூட வந்தவர்களோடு கொஞ்ச நேரம் குசுகுசுத்துவிட்டு அவள் கதைத்தாள். இப்போது குரல் உரக்கவில்லை, இனித்தது.

“சல்மா உம்மா, கறுப்பு ஒரு குறையெண்டு எனக்குத் தோணவே இல்ல. என்ட மகனும் அப்பிடி நெனைக்கல்ல. நீங்கதான் இவ்வளவு பாடுபட்டு மறைச்சிரிக்கீங்க. பெத்தவங்களுக்கே குறையாப் பட்டா, அது குறைதானே? ஊரும் அப்பிடித்தான் கதைக்கும். நாளைக்கு என்ட மகனைப் பாத்து நாலு பேர் சிரிப்பாங்க. அப்ப அதுக்கு ஈடா ஏதாவது வேணாமா? நற்பிட்டிமுனயில உங்களுக்கு ஒரு வயல் இரிக்கெண்டு கேள்வி. இந்த ஊட்டோட அதையும் சேத்து எழுதுங்க. நாங்க புள்ளயச் சந்தோசமா எடுத்துக்குறம்.”

ஒரு நொடிக்கு முன்னால் ‘எனக்கு அந்தப் புள்ளதான் வேணும்’ என்று அழாக்குறையாகக் கேட்ட வாய் இது. த்தூ! வெயிலில் பார்த்து வந்த விருப்பம், ஒரு றோஸ் பல்பைக் கண்டதும் வியாபாரமாகிவிட்டது. அவளுக்கு அந்த வியாபாரத்தைச் சொல்லிக்கொடுத்தது இந்த வீடு. கைருன்னிஸாவுக்கு யாரைப் பார்த்து அருவருப்பது என்று தெரியவில்லை. எல்லாரையும் பார்த்து அருவருத்தாள்.

வாப்பா இருமினார். “அது சின்னவளுக்கு எண்டு வெச்சது…” என்று இழுத்தார்.

“சின்னவளுக்கு இன்னும் காலம் இரிக்கே, மச்சான்” என்றார் மக்கீன் மாமா. இவளைப் பாசி என்று சொன்ன அதே வாயால்.

“ஓம், ஓம். இவள்ட காரியம் முடியட்டும்” என்றாள் உம்மா. வாப்பா எல்லார் முகத்தையும் பார்த்தார். “அப்ப… அப்பிடியே செய்வம்” என்றார்.

“செய்யாதீங்க, வாப்பா.”

சொன்னது கைருன்னிஸா. பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் எதிர்த்து வாய் திறந்தது அந்தத் தெருவிலேயே அதுதான் முதல்தடவையாக இருக்கும். “அது தங்கச்சிட வயல். அத எழுதி எனக்குக் கலியாணம் வேணாம்.”

“வாயப் பொத்துகா!” என்று உம்மா பாய்ந்தாள்.

ஹவ்வா உம்மா கண்ணை அகல விரித்தாள். “வயல் வேணாமா, மாப்புள வேணாமா புள்ள? நல்லா யோசிச்சிச் சொல்லு.”

கைருன்னிஸா யோசித்தாள். நான்கு நூற்கட்டைகளோடு வெயிலில் நின்றவனை யோசித்தாள். அவன் நல்லவன்தான். இந்த வயல் கதை அவனுக்குத் தெரியாமலும் இருக்கலாம். தெரிந்தால் வேண்டாம் என்பானா, உம்மா சொன்னால் சரி என்பானா, அதுவும் தெரியவில்லை. அவன் வேண்டும், வேண்டும் என்றுதான் மனம் சொன்னது. வாய் வேறு சொன்னது.

“ரெண்டும் வேணாம், மாமி.”

அவர்கள் போய்விட்டார்கள். மஸ்கத்தில் ஒரு துண்டைக்கூடத் தொடவில்லை.

பிறகு வீடு இழவு வீடாகிவிட்டது. சல்மா உம்மா நிலத்தில் இருந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். “இவள் கரைசேரமாட்டாள், கடைசி வரைக்கும் கரைசேரமாட்டாள்!” வாப்பா தொப்பியைப் போட்டுக்கொண்டு இஷாத் தொழுகைக்குப் போனார். கைருன்னிஸா சுவரோடு சாய்ந்து நின்றாள். அவளுக்கும் அழுகை வந்தது. அந்தச் சனங்களுக்கு முன்னால் அழ அவளுக்கு விருப்பமில்லை. உம்மாவும் மாமாவும் அவளுக்கு ‘அந்தச் சனங்கள்’ ஆகிவிட்டிருந்தார்கள்.

மக்கீன் மாமா மட்டும் அழவில்லை, கோபப்படவும் இல்லை. மூலையில் குந்தி றோஸ் சேட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழும்பிச் சொன்னார்:

“எங்க பிழைச்சிருக்கெண்டு இப்பதான் விளங்குது, ராத்தா. றோஸ் கூடிப்போச்சி. ஆளே மாறிப்போற அளவுக்குப் போகப்படா. ஆள் அதே ஆளா இரிக்கணும், நிறம் மட்டும் ஒரு சொட்டு ஏறணும். அடுத்த முறைக்கு மஞ்சளும் கலந்து செய்வம்.”

சல்மா உம்மாவின் அழுகை நின்றது. முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

“அப்ப எத்தன வோட்ஸ் பல்ப் போடுற, தம்பி?”

“அதத்தான் பாக்கணும். இஞ்ச வாகா, ஒருக்கா இரி பாப்பம்” என்று மாமா கதிரையைத் தட்டினார்.

கைருன்னிஸா அசையவில்லை. இப்படிக்கூட ஒரு மனுசன் இருப்பானா என்று பார்த்துக்கொண்டே நின்றாள்.

“அவள் இரிக்கமாட்டாள், பிடிவாதக்காரி. சின்னவள், நீ வா. உனக்கும் நாளைக்குத் தேவைதானே” என்றார் மாமா.

தங்கச்சி ஓடிவந்து இருந்தாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பாவாடையை ஒழுங்காக்கி, முக்காட்டைக் கழுத்துவரை இழுத்து, அவளாகவே முகத்தை இடப்பக்கம் திருப்பினாள்.

“இப்ப நான் வெள்ளயா, மாமா?”

கைருன்னிஸா பாய்ந்துபோய் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். “எழும்புடி! எழும்பு!” கதிரை சாய்ந்து விழுந்தது. தங்கச்சி கையைத் தடவிக்கொண்டு, உம்மாவின் மடியில் போய் முகத்தைப் புதைத்து விம்மினாள்.

“பாருங்க உம்மா, ராத்தாக்குப் பொறாம” என்றாள்.